பூனை குறுக்கே போனதால் ஸ்கேனைத் தள்ளிப்போடலாமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து 26 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் வீட்டில் தறி ஓடுகிறது. கஞ்சி போட்ட பாவு நூலை எலி கடித்துவிடுகிறது என்று மாமனார் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கறுப்புப் பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்து விட்டார். அதற்குக் கறுப்பி என்று பெயர். அடுத்த வருடமே மாமனார் காலமாகிவிட்டார். கறுப்பி வாசகியோடு ஒட்டிக்கொண்டது.

சென்ற வருடம் அவருக்கு ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று கறுப்பி குறுக்கே போனதுதான் காரணம் என்று வீட்டில் பேச்சு. பூனை முடி வயிற்றுக்குள் போய்க் கர்ப்பப்பையில் ஒட்டிக்கொண்டது என்று பக்கத்து வீட்டு அம்மாவும் சொல்லியிருக்கிறார். இப்போது மறுபடி கர்ப்பம். கடிதம் எழுதும்போது 11 வாரம் முடிந்திருந்தது. ஸ்கேனுக்காக வேலூர் போக விடியற்காலையில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது, கறுப்பி திண்ணையிலிருந்து குதித்து எதிர்வீட்டுப் பக்கம் ஓடியிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்த மாமியார் "போகாதீங்க" என்று சத்தம் போட, கணவர் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார். இனி நல்ல நாள் பார்த்துத்தான் போவது, வருகிற ஞாயிற்றுக்கிழமை கறுப்பியைச் சாக்கில் கட்டிப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவது என்று இரண்டு முடிவுகள் ஆகியிருக்கின்றன.

கடிதத்தின் நடுவே, போகிற போக்கில், இன்னும் இரண்டு செய்திகள். எட்டு நாட்களுக்கு முன் ஒரு தெருக் கடுவன் (ஆண் பூனை) வீட்டுக்குள் புகுந்து கறுப்பியோடு சண்டை போட்டிருக்கிறது. விலக்கிவிடப் போன வாசகியின் முன்கையில் அது கீறி ரத்தம் வந்திருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தார். கர்ப்பமாக இருக்கும்போது ஊசி ஆகாது என்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்தது, மாமியார் கணவரை இழந்தவர் என்பதால், வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் அவரே உள்ளறைக்குப் போய்விடுவாராம்.

"பூனையால் ஒரு ஆபத்தும் இல்லை, எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் வீட்டில் காட்டுவேன்" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மாதிரி ஒரே வரியில் எழுதித் தர என்னால் முடியவில்லை. சகுனத்தைப் பற்றி உங்கள் வீட்டில் சொல்வது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பூனையால் ஒரு ஆபத்தும் கிடையாது என்று நீங்கள் நினைப்பதும் சரியில்லை. கறுப்பி குறுக்கே போனதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடுவன் கீறியதை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். மகப்பேறு மருத்துவராக என்னைப் பதற வைத்தது அந்த இரண்டு வரிதான்.

முதலில் கையில் இருக்கிற கீறல்

கடிதம் கைக்கு வந்த அன்றே இதற்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்பினேன். அடுத்த நாளே அரசு மருத்துவமனையில் ஊசி தொடங்கிவிட்டதாக எழுதினீர்கள். மிகவும் நல்லது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே மறுபடி சொல்கிறேன்.

ரேபிஸ் நாய்க்கு மட்டும் வருகிற நோய் என்று பலர் நினைக்கிறார்கள். பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். நம் நாட்டில் பெரும்பாலும் நாயால்தான் பரவுகிறது. அதற்காகப் பூனைக் கடியையும் கீறலையும் விட்டுவிட முடியாது. நோயின் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். அறிகுறி வருவதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். கடித்த அல்லது கீறிய உடனே, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது.

கர்ப்பத்தில் இந்த ஊசி கூடாது என்பது தவறான எண்ணம். ரேபிஸ் தடுப்பூசியைக் கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ரத்தம் வந்த கீறல் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். அதுவும் கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானதே. உங்களுக்கு அதைப் போட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால், முதல் ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் போட்டுக்கொள்ளலாம், உடனே கேளுங்கள். குடியாத்தத்தில் இருப்பு இல்லை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் ஊசிக்கு முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள் என்று கணக்கு. கை ஆறிவிட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நீங்கள் விடாதீர்கள்.

எட்டு நாள் ஆகிவிட்டதே, இனிப் போட்டு என்ன பயன் என்றும் யாராவது சொல்வார்கள். நாட்கள் கடந்திருந்தாலும் போட்டே ஆக வேண்டும்.

ஸ்கேனுக்கு ஒரு கெடு இருக்கிறது

நல்ல நாள் பார்க்கிறவர்கள் இந்தக் கெடுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பது குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் நீரின் அளவைப் பார்க்கிற ஸ்கேன். 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரைதான் அதைச் சரியாக அளக்க முடியும். குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டா, இரட்டைக் குழந்தையா, தேதி சரிதானா என்பதெல்லாம் அதில் தெரியும். தவறவிட்டால் வேறு ரத்தப் பரிசோதனைகளும், 18 முதல் 20 வாரத்தில் அடுத்த ஸ்கேனும் இருக்கின்றன. ஆகவே பயந்துவிட வேண்டாம். ஆனால் கையில் இருக்கிற வாய்ப்பை ஒரு பூனை தெருவைக் கடந்ததற்காக விட்டுக்கொடுக்க வேண்டுமா? பதில் அச்சாகி வருவதற்குள் உங்களுக்கு 12 வாரம் தாண்டியிருக்கும். இந்த வாரமே போய்விடுங்கள்.

என்னிடம் வருகிறவர்களில் சகுனம் பார்த்துத் திரும்பிப் போனதால் தாமதமானவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரத்தக்கசிவோடு கிளம்பி, வாசலில் பூனை, சரி நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்தவர்கள் உண்டு. பூனை அவர்களை ஒன்றும் செய்யவில்லை. அந்த ஒரு நாள் தாமதம்தான் கெடுதல் செய்தது.

இதற்குப் பழைய வழக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது, உங்கள் மாமியாருக்கும் அது தெரிந்திருக்கும். சகுனம் சரியில்லை என்றால் சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பு என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். பயணத்தையே நிறுத்து என்று அந்த வழக்கம் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், கிளம்புங்கள். அவருக்கும் மனசு ஆறும். ஆட்டோக்காரரிடம் முன்பே சொல்லி வைத்துவிடலாம்.

போன வருடம் நடந்தது

"முதல் நாள் ராத்திரி கறுப்பியை மடியில் வைத்திருந்தேன், அதனால்தானோ" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இல்லை. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகக் கலைகின்றன. முதல் மூன்று மாதங்களில் கலைகிறவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம்களில் கருத்தரிக்கும்போதே நேர்ந்துவிடுகிற பிழை. நீங்கள் எதைச் சாப்பிட்டீர்கள், யாரைத் தூக்கினீர்கள், எது எதிரே வந்தது என்பதற்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. நீங்கள் கிளம்பியதே ரத்தம் பட்டதால்தானே? அப்படியென்றால் கறுப்பி குறுக்கே போவதற்கு முன்பே எல்லாம் தொடங்கிவிட்டது. ஒரு முறை கலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே முடிகிறது.

சகுனம் பலித்த மாதிரி தோன்றுவதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. பூனை விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான் அதிகம் நடமாடும். நாமும் அந்த நேரத்தில்தான் வெளியே கிளம்புகிறோம். கறுப்பி உங்கள் தெருவைத் தினமும் கடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒன்றும் நடக்காத நாட்கள் மறந்துபோய்விடும், துக்கம் நடந்த நாள் மட்டும் நினைவில் நிற்கும். ராத்திரியில் பூனை அழுதால் சாவு வரும் என்பதும் இப்படித்தான். பெட்டைப் பூனை கடுவனை அழைக்கிற குரல் அது, கைக்குழந்தை அழுவது போலக் கேட்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் பல இடங்களில் கறுப்புப் பூனை எதிரே வந்தால் அதிர்ஷ்டம் என்று சந்தோஷப்படுவார்கள். ஒரே பூனை ஊருக்கு ஊர் எதிர்ப்பலன் தர முடியாதில்லையா?

பூனையால் வரக்கூடியதும் வராததும்

முடியிலிருந்து தொடங்குகிறேன். விழுங்கிய முடி உணவுக்குழாய், இரைப்பை, குடல் என்று போய் மலத்தோடு வெளியே வந்துவிடும். கர்ப்பப்பைக்கு அங்கிருந்து வழியே கிடையாது. பூனையால் ஆஸ்துமா வரும் என்ற பேச்சில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் சிலருக்கு ஒவ்வாது. அவர்களுக்குத் தும்மலும் இழுப்பும் வரும். உங்களுக்கு மூன்று வருடமாக அப்படி எதுவும் இல்லை.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி. முதல் முறையாகக் கர்ப்ப காலத்தில் தொற்றினால் அது குழந்தையின் மூளையையும் கண்ணையும் பாதிக்கலாம், கருவும் கலையலாம். பூனையின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். ஆனால் ஒரு பூனை பொதுவாகத் தனக்கு முதல் முறை தொற்றியபோது மட்டும், ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான் அவற்றை வெளியேற்றும். வெளியே வந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். நீங்கள் கறுப்பியின் மணல் பெட்டியை மூன்று நாளைக்கு ஒரு முறை வெறுங்கையால் சுத்தம் செய்கிறீர்கள். இது வேண்டாம். உங்கள் கணவர் தினமும் சுத்தம் செய்யட்டும். பெட்டி தினமும் காலியானால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். வேறு வழியில்லாத நாளில் நீங்கள் செய்தால் கையுறை போட்டுக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கறுப்பிக்குப் பச்சைக் கோழிக்கழிவு போடாதீர்கள்.

இதே ஒட்டுண்ணி சரியாக வேகாத இறைச்சி மூலமும் வரும். ரத்தம் ஊறும் என்று உங்கள் மாமியார் வாரத்துக்கு இரண்டு முறை ஈரலும் சுவரொட்டியும் நெருப்பில் வாட்டிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாசத்தோடு கொடுக்கிறார், ஆனால் கறுப்பியை மடியில் வைத்திருப்பதைவிட அந்த அரைவேக்காட்டுச் சுவரொட்டியில்தான் ஆபத்து அதிகம். குக்கரில் நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லுங்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் முதல் மாதங்களில் அதை அடிக்கடி சாப்பிட வேண்டாம். இரும்புச்சத்துக்கு மாத்திரை இருக்கிறது. கீரையையும் காய்கறியையும் மண் போகக் கழுவுங்கள்.

கறுப்பியை விட்டுவிடுவது என்ற முடிவு

உங்கள் கணவருக்காக எழுதுகிறேன். அந்தக் கடுவன் கறுப்பியையும் கடித்திருக்கலாம். அதனால் கறுப்பியை இப்போது கண்ணெதிரே வைத்துக் கவனிக்க வேண்டும். கால்நடை மருத்துவமனைக்குக் கூடையில் எடுத்துப்போய், நடந்ததைச் சொல்லி, ரேபிஸ் ஊசி போடுங்கள். எத்தனை நாள் கவனிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். அதுவரை நீங்கள் அதைத் தூக்க வேண்டாம். அதன் குணம் திடீரென்று மாறினாலோ, சாப்பிடாமல் கிடந்தாலோ உடனே அவர்களிடம் சொல்ல வேண்டும். சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டால் யார் கவனிப்பது? அது யாரைக் கீறியது என்று எப்படித் தெரியும்?

வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், உங்கள் வீட்டு நம்பிக்கையே இதற்கு எதிராகத்தானே இருக்கிறது? பூனையைக் கொன்ற பாவம் தீர, பொன்னால் பூனை செய்து காசியில் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் நம் பெரியவர்கள். இன்னொன்றும் யோசியுங்கள். கறுப்பி போனால் தறிக்கு எலி வரும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். கர்ப்பிணிக்கு அது கடுமையான நோய்.

மாமியாரிடம் பேசுவது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். அவரைப் பிடிவாதக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலிருந்து அப்படித் தெரியவில்லை. ஒரு பேரக்குழந்தையை இழந்து, அடுத்ததையும் இழந்துவிடுவோமோ என்று நடுங்குகிற ஒருவராகத்தான் தெரிகிறார்.

பூனை, வெறுங்குடம், விறகுச் சுமை என்று போகிற அதே பட்டியலில் கணவனை இழந்த பெண்ணையும் வைத்திருக்கிறார்கள். உங்கள் மாமியார் அதை நம்புகிறார், தன் விஷயத்திலும் நம்புகிறார். தன் பிள்ளையும் மருமகளும் கிளம்பும்போது ஒளிந்து நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். போன வருடம் கரு கலைந்தபோது, "என் முகத்தில் விழித்துத்தான் இப்படி ஆனதோ" என்று அவர் மனதுக்குள் ஒரு கேள்வி வந்திருக்காதா? கறுப்பி மேல் பழி விழுந்தது அவருக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் இப்படியும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு பேசினால் உங்கள் குரலே மாறிவிடும்.

அதனால் என் கடிதத்தை அவர் முன்னால் நீட்டாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால் அவர் தோற்றுப்போனதாக நினைப்பார். அதற்குப் பதிலாக, ஸ்கேனுக்குக் கிளம்புகிற அன்று, "அத்தை, இன்னைக்கு நீங்க எங்க எதிர்ல வந்து நிக்கணும். உங்க முகத்தைப் பார்த்துட்டுத்தான் நான் வண்டி ஏறுவேன்" என்று சொல்லுங்கள். முதலில் மறுப்பார். விடாதீர்கள். முடிந்தால் கூடவே அழைத்துப் போங்கள். அங்கே அனுமதித்தால் குழந்தையின் இதயத் துடிப்பை அவரும் திரையில் பார்க்கட்டும். பூனை சகுனம் பொய் என்று நீங்கள் வாதாடத் தேவையே இருக்காது. தன் முகம் அபசகுனம் இல்லை என்று அவருக்கு விளங்கினால், கறுப்பியைப் பற்றிய பயமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று நம்புகிறேன்.

அவர் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் சோளிங்கர் மலை ஏறுகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வைணவப் பெரியவர்கள் சரணாகதியை விளக்கப் பூனையைத்தான் காட்டினார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போகும், பெருமாள் அப்படித்தான் நம்மைக் காப்பார் என்பார்கள். மார்ஜார நியாயம் என்று அதற்குப் பெயர். பெருமாளுக்கே உவமையாகச் சொன்ன பிராணி வீட்டில் நடமாடுவதில் என்ன தோஷம் என்று, சமயம் பார்த்து, மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

திருஷ்டி சுற்றுவது, எலுமிச்சம்பழம் வைப்பது, வேண்டுதல், மஞ்சள் துணியில் காசு முடிவது எல்லாம் அவர் செய்துகொள்ளட்டும். அவற்றால் உங்களுக்கும் குழந்தைக்கும் கெடுதல் இல்லை, அவருக்கு நிம்மதி. பரிசோதனையைத் தள்ளிப்போடு, ஊசியை நிறுத்து, சாப்பாட்டைக் குறை என்று சொல்கிற வழக்கத்துக்கு மட்டும் இணங்க வேண்டாம். அந்த இடத்தில் நீங்கள் பேசுவது எடுபடாவிட்டால், உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நர்சம்மா திண்ணையில் உட்கார்ந்து பேசினால் காதில் விழுகிற மாதிரி, நாங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னால் விழுவதில்லை. 104க்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

குழந்தை பிறந்த பிறகு கறுப்பியைத் தூளிப் பக்கம் தனியாக விடாதீர்கள். கதகதப்புக்காகப் பூனை குழந்தையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும், பச்சைக் குழந்தைக்கு அது ஆபத்து. தூளி கட்டும் அறைக்கு வலைக்கதவு போட இப்போதே ஏற்பாடு செய்யலாம். கறுப்பிக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டால் கடுவன்கள் தேடி வருவதும் குறையும். இதையும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது ரேபிஸ் ஊசி அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். எந்தெந்தத் தேதியில் என்ன ஊசி போட்டீர்கள் என்று உங்களைப் பார்க்கிற டாக்டரின் குறிப்பிலும் ஏற வேண்டும். டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் அன்றைக்கே போட்டுவிடுவார்கள்.